அந்த அட்வான்ஸ் நோட்டை மொதல்ல பாருங்க தம்பி

கேள்வி:

வணக்கம் மேடம். நான் கிருஷ்ணகிரி பக்கம், பெங்களூருல ஒரு குப்பை கலெக்‌ஷன் கம்பெனில ஆபரேஷன்ஸ் பாக்குறேன். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி ஏரியால டெக் பார்க், அபார்ட்மெண்ட் எல்லாம் எங்க வண்டி தான். எங்க கிளையண்ட் ஒருத்தர், லண்டன்ல ஹெட் ஆபீஸ் இருக்கற பேங்க், 42 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. உங்க சப்ளை செயின்ல நவீன அடிமைத்தனம் இருக்கா, எப்படி தடுக்கறீங்கன்னு கேக்கறாங்க. எங்க எம்டி சிரிச்சிட்டு "நம்மகிட்ட எங்கப்பா அடிமை, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டு அனுப்பு"ன்னுட்டார்.

ஆனா போன வாரம் நான் மைசூர் ரோடு பக்கம் இருக்கற எங்க வெண்டர் கோடவுனுக்கு போயிருந்தேன். லோடர் ஆளுங்களை அனுப்புறதும் அவர் தான், நாங்க பிரிச்ச பிளாஸ்டிக்கை வாங்கிக்கறதும் அவர் தான். அங்க தகர ஷெட்ல 9 பேர் தங்கியிருக்காங்க, ஒடிசா ஆளுங்க. ஆதார் எல்லாம் வெண்டர் பீரோல இருக்கு, கேட்டா தொலைஞ்சிடும்னு வாங்கி வெச்சிருக்கோம்னாங்க. ராத்திரி 10 மணிக்கு கேட்டை வெளிய இருந்து பூட்றாங்க, திருட்டு பயமாம். ஒரு பையன் மட்டும் தங்கச்சி கல்யாணத்துக்கு போகணும்னு ரெண்டு மாசமா கேக்கறேன், அட்வான்ஸ் கணக்கு முடிச்சிட்டு போன்னு சொல்றாங்கன்னான். யாரும் யாரையும் அடிக்கல மேடம், சாப்பாடு கூட நல்லா தான் போடறாங்க. இது அடிமைத்தனமா? அந்த வெண்டர் எங்க ஊர்க்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கி கொடுத்ததே அந்த அண்ணன் தான். ஃபார்ம்ல நான் என்ன எழுதணும்?

பதில்:

தம்பி, மொதல்ல அந்த ஃபார்மை மூடி வைங்க. கிளையண்ட்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேளுங்க, கொடுப்பாங்க. இல்லைன்னு டிக் போட்டு கையெழுத்து மட்டும் போட்றாதீங்க, ஏன்னா நீங்க பாத்துட்டீங்க, பாத்ததை எனக்கு எழுதவும் எழுதிட்டீங்க, இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது உங்களால.

நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றேன். ஆமா, அது கொத்தடிமை தான், நீங்க சொன்ன விவரம் சரின்னா. கன்னடத்துல ஜீதன்னு சொல்வாங்க. அடிக்கலையே, சாப்பாடு போடறாங்களேன்னு நீங்க மட்டும் இல்ல, நான் 19 வருஷமா லேபர் ஆடிட் பண்றேன், போற எல்லா இடத்துலயும் இதே வரி தான் கேக்கறேன். நம்ம மனசுல அடிமைன்னா சங்கிலி, சவுக்கு, சினிமா வில்லன்னு பதிஞ்சு போயிருக்கு. 1976ல வந்த கொத்தடிமை ஒழிப்பு சட்டத்துல சங்கிலியும் இல்ல சவுக்கும் இல்ல. கடன் அல்லது அட்வான்ஸ் ஒண்ணு இருக்கு, அதுக்கு பதிலா அந்த ஆள் எதையோ இழக்கறான், அவ்ளோ தான் அந்த சட்டம் பாக்கறது. நாலு விஷயத்துல எது போனாலும் போதும். கூலி பேருக்கு தான் வருது இல்ல வரவே இல்லைங்கறது ஒண்ணு, வேற வேலைக்கு போற உரிமை போச்சுங்கறது ஒண்ணு, இஷ்டப்பட்ட இடத்துக்கு போய் வர்ற உரிமை போச்சுங்கறது இன்னொண்ணு. நாலாவது தான் நம்ம குப்பை தொழிலுக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கும், தன் உழைப்புல கிடைச்ச பொருளை மார்க்கெட் விலைக்கு விக்கற உரிமை போறது. இதை ஒரு தடவை திரும்ப படிங்க, இதுக்கு அப்புறம் வரேன்.

உங்க 9 பேர்ல ஒரு பையனுக்கு கல்யாணத்துக்கு போக முடியல, ராத்திரி யாருக்கும் வெளிய வர முடியல. போய் வர்ற உரிமை போயாச்சு. ஆதாரை பிடுங்கி வெச்சிருக்கறது தனி. ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளம் வெச்சிருக்காங்க, அதுல அடையாள அட்டையை வாங்கி வெச்சுக்கறது ஒண்ணு, நடமாட்டத்தை தடுக்கறது ஒண்ணு, கடன்ல கட்டி வெக்கறது ஒண்ணு. அடி உதையும் அந்த லிஸ்ட்ல இருக்கு, ஆனா 11ல அது ஒண்ணு தான்.

கூலி விஷயம் நீங்க எழுதல. கேளுங்க. ஏன்னா 1982லயே சுப்ரீம் கோர்ட் டெல்லி ஆசிய விளையாட்டு போட்டிக்கு கட்டட வேலை நடந்த சமயத்து வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, மினிமம் வேஜஸுக்கு கம்மியா கொடுத்து வேலை வாங்கினா அதுவே அரசியல் சட்டம் 23வது பிரிவு தடை பண்ற கட்டாய உழைப்பு தான்னு. பசி துரத்தறதும் ஒரு பலவந்தம் தாங்கறது தான் அந்த தீர்ப்போட சாரம். அவனா தானே வந்தான், அவனா தானே கைநாட்டு வெச்சான்னு பேசறவங்களுக்கு நான் சொல்ற பதில் இந்த தீர்ப்பு தான்.

சரி, அந்த நாலாவது விஷயம். சில வருஷம் முன்னாடி ஓசூர் ரோடு பக்கம் ஒரு சார்ட்டிங் ஷெட்டுக்கு ஆடிட் போனேன், யாருன்னு வேணாம். நான் எங்க போனாலும் வருகை பதிவேடு, பிஎஃப் சலான் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அட்வான்ஸ் நோட்டை கொண்டாங்கன்னு தான் மொதல்ல கேப்பேன், அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுவாங்க, அரை மணி நேரம் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தா மேஸ்திரி சட்டை பையில இருந்தே வெளிய வரும். அன்னைக்கும் வந்துச்சு. கோடு போட்ட நீட்டு நோட்டு, அட்டை எல்லாம் எண்ணெய் பிசுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். நான் பாத்த பக்கம் ராய்ச்சூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மாவோடது. மேல பேரு, பக்கத்துல ஊதா மைல கட்டைவிரல் ரேகை, அட்வான்ஸ் 35,000. அதுக்கு கீழ இடது பக்கம் பஸ் சார்ஜ் 1,200, அரிசி 900, ஷெட் வாடகை 1,500, ஊசி போட்டது 600, மறுபடி அரிசி, மறுபடி வாடகை. வலது பக்கம் தினம் அந்த அம்மா பொறுக்கி பிரிச்சு கொடுத்த பாட்டில் எத்தனை கிலோ, கிலோ 12 ரூபா.

நான் வெளிய வந்து ரெண்டு தெரு தள்ளி இருந்த குஜரி கடைல, அதான் நம்ம காயலான் கடை, பெட் பாட்டில் என்ன விலைக்கு எடுக்கறீங்கன்னு சும்மா விசாரிச்சேன். 20 ரூபான்னான். அந்த அம்மா ஒரு நாளைக்கு சராசரியா 25 கிலோ போட்டிருந்தாங்க. கிலோக்கு 8 ரூபா வித்தியாசம், நாளைக்கு 200, மாசத்துக்கு 26 நாள்னா 5,200. ஏழு மாசத்துல 36,400. வாங்கின அட்வான்ஸே 35,000 தான் தம்பி! மார்க்கெட் விலை கொடுத்திருந்தா அந்த விலை வித்தியாசத்துலயே கடன் கழிஞ்சு கையில 1,400 மிஞ்சியிருக்கும். நோட்டுல என்ன பாக்கி இருந்துச்சு தெரியுமா, எட்டாவது மாசம் 38,400. ஏறியிருக்கு. அந்த அம்மாகிட்ட கேட்டேன், கடன் குறைஞ்சிருக்காம்மான்னு. படிக்க தெரியாது அவங்களுக்கு. "மேஸ்திரி நல்லவரு மேடம், ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு"ன்னாங்க. எனக்கு அன்னைக்கு முழுக்க சோறு இறங்கல.

பஸ் சார்ஜ் 1,200ஐ கடன்ல எழுதியிருந்தாங்க பாத்தீங்களா, அதுவே தப்பு. வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி கொடுத்த அட்வான்ஸை சம்பளத்துல பிடிக்க விதி இருக்கு, ஆனா வேலைக்கு வர்ற பயணச் செலவுக்குன்னு கொடுத்ததை பிடிக்கவே கூடாது. பழைய சம்பள பட்டுவாடா சட்டத்துல இருந்து இப்போ 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது சம்பள சட்டம் வேஜ் கோட் வரைக்கும் அதே விதி தான். எல்லா பிடித்தமும் சேர்த்து சம்பளத்துல பாதியை தாண்டவும் கூடாது. உங்க வெண்டர் நோட்டுல டிரெயின் டிக்கெட் ஏறியிருக்கான்னு பாருங்க, நான் பந்தயம் கட்டறேன் ஏறியிருக்கும்.

ஒடிசால இந்த அட்வான்ஸுக்கு தாதன்னு பேரு, ஆள் கூட்டிட்டு வர்றவருக்கு சர்தார். இந்தில பேஷ்கின்னுவாங்க. நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. நம்ம ஆளுங்களை சிலோன் தோட்டத்துக்கு கூட்டிட்டு போன கங்காணிங்க இதே வேலையை தானே பண்ணாங்க, ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு போகணும்னா இந்த ஆள் மேல இவ்ளோ கடன் இருக்குன்னு ஒரு துண்டு சீட்டு கொடுத்து விடுவாங்க, புது முதலாளி கடனை கட்டிட்டு ஆளை எடுத்துக்கணும். துண்டு முறைன்னே அதுக்கு பேரு, 1921ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க. இங்க ஷெட்டுக்கு ஷெட் ஆளை மாத்தறப்ப போன்ல "அவன் மேல 28 ஆயிரம் இருக்கு"ன்னு பேசிக்கறாங்க பாருங்க, சீட்டு மட்டும் தான் இல்ல.

இப்ப உங்க ஃபார்ம் பக்கம் வரேன். அந்த 42 கேள்வியும் உங்க சப்ளையர் யாருன்னு தான் கேட்டிருக்கும், ஏன்னா அது சட்டை தைக்கற கம்பெனி, போன் தயாரிக்கற கம்பெனிக்குன்னு தயார் பண்ண ஃபார்ம். அவங்களுக்கு சரக்கு உள்ள வரும், அதனால சரக்கு எங்க இருந்து வருதுன்னு பாத்தா போதும். நமக்கு சரக்கு வெளிய போகுது. டெக் பார்க்ல உங்க வண்டி எடுக்கற வரைக்கும் எல்லாம் யூனிஃபார்ம், ஐடி கார்டு, சிசிடிவி. உங்க ஷெட்ல பிரிக்கறாங்க, அங்கயும் ஏதோ ரெஜிஸ்டர் இருக்கும். அதுக்கு அப்புறம் வெண்டர், வெண்டர்கிட்ட இருந்து ஜாலி மொஹல்லா மொத்த வியாபாரி, இல்ல நாயண்டஹள்ளி பக்கம் பிளாஸ்டிக் அரைக்கற யூனிட், அங்க இருந்து எங்கயோ. ஒவ்வொரு கை மாறும்போதும் பேப்பர் ஒண்ணு குறையும், தகர ஷெட் ஒண்ணு கூடும். யார்கிட்ட வாங்கறோம்னு மட்டும் பாத்துட்டு யாருக்கு விக்கறோம்னு பாக்காம விட்டா குப்பை கம்பெனி ஆடிட் பண்ணதா அர்த்தமே இல்ல. உங்க விஷயத்துல ஆள் அனுப்பறவரும் சரக்கு வாங்கறவரும் ஒரே ஆள், அதனால ஆபத்து ரெட்டை, ஏன்னா லோடர் சம்பளத்துல விழற ஓட்டையை சரக்கு விலையில அடைப்பார், இல்ல உல்டாவா.

லண்டன்காரங்க ஏன் கேக்கறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க, உங்க எம்டிக்கு சொல்ல உதவும். அவங்க ஊர்ல 2015ல மாடர்ன் ஸ்லேவரி சட்டம் வந்துச்சு, வருஷத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு வியாபாரம் பண்ற எந்த கம்பெனியும் தன் சப்ளை செயின்ல என்ன பண்ணோம்னு வருஷா வருஷம் அறிக்கை போடணும், போர்டு ஒப்புக்கணும், டைரக்டர் கையெழுத்து போடணும். இங்கயும் பங்குச் சந்தைல இருக்கற டாப் 1000 கம்பெனிக்கு சந்தையை கண்காணிக்கற செபி, சமூக பொறுப்பு பத்தி பிஆர்எஸ்ஆர் அறிக்கைன்னு ஒண்ணு கேக்குது, அதுல மனித உரிமைக்குன்னு தனி பகுதி இருக்கு. அதனால இந்த ஒரு பேங்க்கோட இது நிக்காது, அடுத்த வருஷம் இன்னும் நாலு கிளையண்ட் கேப்பான்.

அந்த ஊர்லயும் குப்பை தொழில்ல தான் பெருசா மாட்டினாங்க. போலந்துல இருந்து வீடு இல்லாதவங்க, ஜெயில்ல இருந்து வந்தவங்க, குடிக்கு அடிமையானவங்கன்னு 400 பேருக்கும் மேல ஒரு கும்பல் இங்கிலாந்துக்கு கூட்டிட்டு வந்து ரீசைக்கிளிங் சென்டர், பண்ணைன்னு வேலைக்கு அனுப்பியிருக்கு. 2019ல பர்மிங்காம் கோர்ட்ல தண்டனை ஆச்சு. வேலை கொடுத்த இடத்துல எல்லாம் ஒழுங்கா பேங்க் டிரான்ஸ்ஃபர்ல தான் சம்பளம் போயிருக்கு! அந்த ஆளுங்க பேர்ல அக்கவுண்ட் திறந்து கொடுத்ததே கும்பல் தான், கார்டும் கும்பல் கையில தான். அதனால "எங்க வெண்டர் எல்லாருக்கும் பேங்க்ல தான் சம்பளம் போடறார்"ன்னு யாராவது பெருமையா சொன்னா நான் மூணு விஷயம் பாப்பேன். ஒரே அக்கவுண்ட் நம்பர் ரெண்டு பேருக்கு இருக்கா, ஒரே மொபைல் நம்பர் பல பேருக்கு கொடுத்திருக்கா, ஏடிஎம் கார்டு யார் பையில இருக்கு. உங்க எச்ஆர்ல இருக்கற எக்செல் ஷீட்டை மொபைல் நம்பர் வாரியா ஒரு சார்ட் போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. நான் ஒரு தடவை பாத்ததுல 31 லோடருக்கு 4 மொபைல் நம்பர் தான் இருந்துச்சு.

இப்ப கசப்பான ஒண்ணு, இதை உங்க எம்டி ரூம்ல சத்தமா படிச்சு காட்டினாலும் சரி. உங்க வெண்டர் ஏன் இப்படி பண்றார்னு யோசிச்சீங்களா? நீங்க ஒரு லோடருக்கு அவருக்கு எவ்ளோ கொடுக்கறீங்க? உதாரணத்துக்கு மினிமம் வேஜஸ் 18,000ன்னு வெச்சுக்குவோம், கர்நாடகால ஒவ்வொரு ஏப்ரலும் விடிஏ, அதான் விலைவாசிப்படி, ஏறும், இப்ப என்னன்னு நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கோங்க. அதுக்கு மேல பிஎஃப், 15,000 லிமிட் வெச்சு கட்டினாலே அட்மின் சார்ஜோட 13 பர்சென்ட், 1,950. ஈஎஸ்ஐ 3.25 பர்சென்ட், 585. போனஸ் 8.33, அது ஒரு 1,500. கூட்டினா 22,000ஐ தாண்டிடுச்சு, இன்னும் லீவு சம்பளம் இல்ல, கிளவுஸ் பூட்ஸ் இல்ல, வெண்டருக்கு லாபம் இல்ல. உங்க கம்பெனி ஆள் ஒண்ணுக்கு 19,000க்கு கான்ட்ராக்ட் போட்டுட்டு "மினிமம் வேஜஸ் கண்டிப்பா கொடுக்கணும்"னு 14வது ஷரத்துல எழுதி வெச்சிருந்தா அந்த ஷரத்தை எழுதின ஆளுக்கே தெரியும் அது நடக்காதுன்னு. மிச்சத்தை யார் தலையில கட்டறாங்க? தங்கச்சி கல்யாணத்துக்கு போக முடியாத அந்த பையன் தலையில.

அடுத்தது பேமெண்ட். 90 நாள் கழிச்சு தான் பில் பாஸ் பண்றீங்கன்னா, சம்பளம் அடுத்த மாசம் 7ம் தேதிக்குள்ள கொடுக்கணும்னு சட்டம் இருக்கும்போது, நடுவுல மூணு மாச சம்பளத்தை வெண்டர் எங்க இருந்து கொண்டு வருவார்? ஃபைனான்ஸ்காரன்கிட்ட வட்டிக்கு வாங்குவார், இல்ல ஆளுங்க சம்பளத்தை பிடிச்சு வெச்சுக்கிட்டு செலவுக்கு மட்டும் அப்பப்ப 500, 1000 கொடுப்பார், அதையும் நோட்டுல கடன்னு எழுதுவார். தன் காசை தனக்கே கடனா வாங்கறான் அந்த ஆள்! இதை நான் எத்தனையோ இடத்துல பாத்துட்டேன். அதனால வெண்டருக்கு ட்ரெய்னிங், போஸ்டர், உறுதிமொழின்னு ஆயிரம் பண்ணுங்க, லேபர் பில்லை மட்டும் தனியா பிரிச்சு 5ம் தேதிக்குள்ள கொடுக்க ஏற்பாடு பண்ணலன்னா எல்லாம் தண்டம். நான் ஒரு கம்பெனில இந்த ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் பண்ண வெச்சேன், ஆறு மாசத்துல அட்வான்ஸ் நோட்டு பாதி மெலிஞ்சு போச்சு.

எம்டி கேக்கலைன்னா இதையும் சொல்லுங்க, வெண்டர் சம்பளம் கொடுக்கலன்னா பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது வேலையை வாங்கிக்கற முதலாளி, நீங்க தான் கொடுக்கணும். பழைய 1970 கான்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயும் அப்படி தான் இருந்துச்சு, புது லேபர் கோட்லயும் அப்படி தான்.

சரி, அந்த 9 பேருக்கு என்ன பண்றது. இது தான் அவசரம், ஃபார்ம் இல்ல.

வெண்டரை இப்ப கட் பண்ணாதீங்க. நல்லது பண்றோம்னு நினைச்சு நெறைய கம்பெனி பண்ற தப்பு இது, மெயில் ஒண்ணு போட்டு கான்ட்ராக்ட் கேன்சல்னுவாங்க, அன்னைக்கு ராத்திரியே ஆளுங்களை டெம்போல ஏத்தி வேற ஷெட்டுக்கு கொண்டு போயிடுவாங்க, கடனும் கூடவே போகும், நம்ம அறிக்கை மட்டும் சுத்தமா இருக்கும். போட்டோ எடுக்காதீங்க. அந்த பையன் பேரை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க, வாட்சப்ல போடவே போடாதீங்க.

இன்னும் ஒரு தடவை பேசுங்க, ஆனா வெண்டர் சூப்பர்வைசர் இல்லாம, ஒடியா இல்ல இந்தி நல்லா பேசற ஒருத்தரோட, உங்க சைட்டுக்கு லோடிங்குக்கு வர்றப்ப டீ கடைல வெச்சு. அடிமையான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. போன மாசம் கையில எவ்ளோ வந்துச்சு, ஊருக்கு கடைசியா எப்ப போனீங்க, நாளைக்கு வேலை வேணாம்னு சொன்னா என்ன ஆகும், உடம்பு சரியில்லன்னா யார் கூட்டிட்டு போவாங்க, இப்படி சாதாரணமா கேளுங்க. நாளைக்கு வேலை வேணாம்னு சொன்னா என்ன ஆகும்ங்கற கேள்விக்கு சிரிச்சிட்டு பேச்சை மாத்துவாங்க பாருங்க, அது தான் பதில். குடும்பத்தோட இருக்கறவங்களா இருந்தா பொண்டாட்டிக்கு தனி சம்பளமா இல்ல ஜோடிக்கு ஒரே சம்பளமான்னு கேளுங்க. பசங்க யாராவது சார்ட்டிங்ல உக்காந்திருந்தா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, யோசிக்கவே வேணாம், 14 வயசுக்கு கீழ எந்த வேலையும் கூடாது, 18 வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது.

நீங்க எழுதினது உறுதியாச்சுன்னா அது போலீஸ் ஸ்டேஷன்ல பஞ்சாயத்து பேசி முடிக்கற விஷயம் இல்ல. பெங்களூரு நகர மாவட்ட டிசி (நம்ம ஊர்ல கலெக்டர்) ஆபீஸ், இல்ல அவங்களுக்கு கீழ இருக்கற ஏசி (அசிஸ்டென்ட் கமிஷனர்), இவங்களுக்கு தான் இந்த சட்டத்துல அதிகாரம். எழுத்துல மனு கொடுங்க, நேரா போக தயக்கமா இருந்தா சட்ட உதவி மையம் 15100க்கு போன் பண்ணி ஒரு வக்கீலோட போங்க. அவங்க வந்து விசாரிச்சு விடுதலை சான்றிதழ் கொடுக்கணும், அந்த பேப்பர் ரொம்ப முக்கியம், அது கையில இருந்தா தான் அந்த ஆளுங்களுக்கு உடனடி உதவியா 30,000 வரைக்கும் கிடைக்கும், அதுக்கு அப்புறம் கேஸோட போக்கைப் பொறுத்து மறுவாழ்வு தொகை ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைக்கும் பசங்களுக்கும் 2 லட்சம்னு திட்டம் இருக்கு. பேப்பர் இல்லாம வெறுமனே டிரெயின் ஏத்தி அனுப்பினா அடுத்த சீசன்ல அதே சர்தார்கிட்ட அதே அட்வான்ஸ் வாங்கி வேற ஊருக்கு போவாங்க. கடன் என்ன ஆகும்னு அந்த பையன் கேப்பான். ஒண்ணும் ஆகாது, சட்டப்படி அந்த கடன் செத்து போச்சு, அதை திருப்பி வாங்கறதே குற்றம். அது கொத்தடிமை கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவர் வேலை, வாங்கினவன் வேலை இல்ல. ஃபரீதாபாத் கல்குவாரி ஆளுங்களுக்காக போட்ட பந்துவா முக்தி மோர்ச்சா வழக்குலயும் கோர்ட் இதே வழியா தான் போச்சு, கட்டாய வேலைன்னு தெரிஞ்சா பின்னாடி ஒரு அட்வான்ஸ் இருக்குன்னு எடுத்துக்கணும்னு.

ஃபார்ம்ல என்ன எழுதறதுன்னு கேட்டீங்களே. உள்ளதை எழுதுங்க. "எங்க சரக்கை வாங்கற வெண்டர் ஒருத்தர்கிட்ட ஆவணங்களை வாங்கி வெச்சிருந்ததும் அட்வான்ஸ் பிடித்தமும் கண்டுபிடிச்சோம், இந்த தேதில சம்பந்தப்பட்ட அதிகாரிகிட்ட தெரிவிச்சோம், லேபர் பேமெண்ட் நாளை மாத்தியிருக்கோம்"னு. ஆளுங்க பத்திரமா வெளிய வந்த அப்புறம் மட்டும். ஃபார்ம் படிக்கறவங்களுக்கு எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்ட ஃபார்ம் தான் சந்தேகத்தை கிளப்பும், நானே அந்த பக்கம் உக்காந்து படிச்சிருக்கேன். 42ல ரெண்டு மூணு கேள்விக்கு நேர்மையா பிரச்சனை இருந்துச்சுன்னு எழுதினவனை நம்பலாம். பேங்க்காரன் கான்ட்ராக்டை எடுத்துடுவானோன்னு எம்டி பயப்படுவார், நியாயமான பயம் தான். கிளையண்ட்கிட்டயே கேளுங்க, ரேட்டை ஏத்தி கொடுங்க, உங்க அறிக்கைக்கு தானே நாங்க இதெல்லாம் பண்றோம்னு. கேக்க கூச்சப்படாதீங்க, கூலியை அமுக்கின சங்கிலி அவங்க டெண்டர்ல இருந்து தான் ஆரம்பிக்குது.

கிளவுஸ் எங்க வாங்கறீங்கன்னும் ஒரு கேள்வி இருக்கும் பாருங்க, சிரிக்காதீங்க அதுக்கு. 2020ல மலேசியால ஒரு பெரிய ரப்பர் கிளவுஸ் கம்பெனி சரக்கை அமெரிக்க கஸ்டம்ஸ் நிறுத்தி வெச்சாங்க, வெளிநாட்டு ஆளுங்க வேலைக்கு வர ஏஜென்ட்டுக்கு கட்டின காசு கடனா கழுத்துல கிடந்துச்சுன்னு. அந்த காசை கம்பெனி திருப்பி கொடுத்த அப்புறம் 2021ல தான் தடை விலகிச்சு. உங்களுக்கு அது ரெண்டாவது மூணாவது வருஷ வேலை, இப்ப வெண்டர் ஷெட்டை பாருங்க.

கடைசியா அந்த அண்ணன். நீங்க கேள்வில ஓரமா தான் எழுதியிருக்கீங்க, ஆனா தூக்கம் கெடறது அதனால தான்னு எனக்கு தெரியுது. எங்க அப்பாவும் அல்சூர்ல மேஸ்திரி வேலை பாத்தவர், ஊர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வந்தவர், அவர் பெட்டிலயும் ஒரு நோட்டு இருந்துச்சு, அதனால உங்க அண்ணன் ராட்சசன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வரிசை முக்கியம். அந்த கேட் வெளிய பூட்டி இருக்கற வரைக்கும், ஆதார் அவர் பீரோல இருக்கற வரைக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க, முன்னாடியே சொன்னா அண்ணனுக்கு உதவி, அந்த 9 பேருக்கு துரோகம். ஆளுங்க வெளிய வந்து பேப்பர் கையில வாங்கின அப்புறம் நீங்களே நேர்ல போங்க, நான் தான் சொன்னேன்னு சொல்லுங்க. திட்டுவார், ஊர்ல பேசுவார், உங்க அம்மாக்கு போன் வரும். அம்மாகிட்ட மட்டும் நீங்களே முந்தி சொல்லிடுங்க.

டிசி ஆபீஸுக்கு போற அன்னைக்கு லீவு போடுங்க, கம்பெனி வண்டில போகாதீங்க. கல்யாண தேதி என்னன்னு அந்த பையன்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, மனுல அதையும் எழுதணும்.